சியாம் டியூலிப்: கிழங்கு நடுவதிலிருந்து தூங்க விடுவது வரை

பெயரில் டியூலிப் இருந்தாலும் இது மஞ்சளுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் குர்குமா பேரினம். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கத்துச் செடி. தாய்லாந்தின் சையாபூம் மாகாணத்தில் உள்ள பா ஹின் ங்காம் தேசியப் பூங்காவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கவே கூட்டம் போகும். அங்கே மே வாக்கில் மழை பிடித்து அக்டோபரில் ஓய்ந்துவிடும். மழையில் பூக்கும், வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் தூங்கும். தொட்டியில் வைத்தாலும் செடி இந்தக் கணக்கை விடாது.

1. கிழங்கு வாங்குவது

சுண்டுவிரல் நீளக் கிழங்கின் அடியில் வேர்கள் தொங்கும். அவற்றின் நுனி முட்டை போல உருண்டிருக்கும். முளைக்குத் தேவையான சாப்பாடும் தண்ணீரும் அந்த உருண்டைகளில்தான். மூன்று நான்காவது இருக்கிற கிழங்காக எடுங்கள். உருண்டை உடைந்துபோன கிழங்கு முளைக்கும், ஆனால் பூ சுமார்தான். அழுத்தினால் நசுங்குவதை விலை குறைவென்று வாங்க வேண்டாம்.

2. மண்ணும் தொட்டியும்

அடியில் ஓட்டையுள்ள 10 அங்குலத் தொட்டிக்கு மூன்று கிழங்கு. செம்மண், மணல், மண்புழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) எல்லாம் சம அளவு. தக்காளியோ கத்தரியோ இஞ்சியோ வாடிச் செத்த மண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அந்த வாடல் நோய்க் கிருமி இதையும் பிடிக்கும். பிடித்தால் மருந்து கிடையாது.

3. நடவு

சித்திரை வெயில் தொடங்கியதும் நடலாம். முளைக்கண் மேலே பார்க்க, உருண்டைகள் கீழே தொங்க வைத்து, கிழங்குக்கு மேல் இரண்டு அங்குலம் மண் மூடுங்கள். ஒரு முறை நனைத்துவிட்டு, குருத்து வரும்வரை மண் லேசான ஈரமாக இருந்தால் போதும். முளைக்கச் சில வாரம் ஆகும். தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம்.

4. வளரும் காலம்

இலை விரிந்த பிறகு தாராளமாகத் தண்ணீர் கேட்கும். காலை வெயில் படும் ஜன்னலோ பால்கனியோ நல்ல இடம். நிழலில் தண்டு நீண்டு சாய்ந்துவிடும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூந்தண்டு வரும். இளஞ்சிவப்பு இதழ்கள் என்று நாம் நினைப்பவை பூவடிச் செதில்கள், அதாவது நிறம் மாறிய இலைகள். கீழ்ச்செதில்களை விலக்கிப் பார்த்தால், உள்ளே ஊதா நிறத்தில் குட்டியாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் பூ. அது ஒரு நாளில் வாடிவிடும், செதில்கள் வாரக்கணக்கில் நிற்கும்.

5. தூக்கம்

நம்மூரில் சிக்கலே இங்குதான். பகல் குறுகக் குறுக இலை மஞ்சளாகும். செடி தூங்கத் தயாராகிறது. அதே நேரம் ஐப்பசி மழை நமக்குக் கொட்டத் தொடங்கும். தொட்டி வெளியில் இருந்தால் கிழங்கு அழுகிவிடும். எனவே மழை படாத இடத்துக்கு மாற்றி, தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுங்கள். இலை முழுதாகக் காய்ந்ததும் அடியோடு வெட்டலாம். செடி செத்துவிட்டது என்று பலர் தொட்டியைக் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கிழங்கு காய்ந்த மண்ணிலேயே கிடக்கட்டும்.

பங்குனியில் தொட்டியைக் கவிழ்த்தால் ஒன்று சிறு குத்தாகப் பெருகியிருக்கும். உருண்டைகள் உடையாமல் பிரித்து, நல்லவற்றைப் புது மண்ணில் நடுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.