கொழும்புப் பிள்ளைக்கு நடனப் பட்டம்: கைக்கடக்கமான செலவில் இடம் தேடுவது எப்படி

உயர்தரத்தில் பரதம் எடுத்த பிள்ளைக்கு அடுத்த படி தேடும்போது பெற்றோர் முதலில் விசாரிப்பது கோர்ஸ் பீஸைத்தான். அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணமே இல்லை. காசு கரைவது அறை வாடகையிலும் சாப்பாட்டிலும் உடுப்பிலும் பக்கவாத்தியத்திலும். ஆகவே மலிவான இடம் எது என்பதை இந்த நாலையும் கூட்டிப் பார்த்த பிறகே சொல்லலாம்.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளை முதலில் பார்க்க வேண்டிய அரச இடங்கள் மூன்று. யாழ். பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் (முன்னைய இராமநாதன் நுண்கலைக் கழகம்) மருதனார்மடத்தில், கே.கே.எஸ். வீதியோரம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பு கல்லடியில். மூன்றாவது, கொழும்பு 7 அல்பேர்ட் கிரசெண்டில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். 2005இல்தான் அது தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கியது.

வெள்ளவத்தையில் வீடு என்றால் மூன்றாவதுக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். வாடகை மிச்சம், சாப்பாடு வீட்டில். ஆனால் அங்கே விரிவுரைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். ஆடுவதற்கு மொழி தடையில்லை. கோட்பாட்டுப் பாடம், கட்டுரை, இறுதியாண்டு ஆய்வு என்று வரும்போதுதான் இடறும். சிங்களத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதக்கூடிய பிள்ளைக்கு இது மிகச் சிக்கனமான வழி. பேச மட்டும் தெரிந்த பிள்ளையை வாடகை மிச்சம் என்பதற்காக அங்கே தள்ள வேண்டாம். அப்படியானவருக்கு மருதனார்மடமோ கல்லடியோதான் சரி.

வெளியூர் என்றால் கணக்கை நாலு வருடத்துக்கும் போடுங்கள். பல்கலைக்கழக விடுதி முதலாம் ஆண்டிலும் இறுதியாண்டிலும் கிடைத்து, நடுவில் இரண்டு ஆண்டு வெளியே அறை எடுக்க வேண்டி வருவது நம் நாட்டில் வழக்கம். பலர் முதலாம் ஆண்டுச் செலவை நாலால் பெருக்கிவிட்டு இரண்டாம் ஆண்டில் திண்டாடுகிறார்கள். மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. நல்ல உதவிதான், ஆனால் பிந்தி வரும். முதல் சில மாதங்களை அது இல்லாமலே ஓட்டத் திட்டமிடுங்கள்.

நடனத்துக்கே உரிய செலவுகளை எந்த அனுமதிக் கைநூலும் பட்டியலிடாது. பயிற்சிச் சேலை குறைந்தது மூன்று வேண்டும். வியர்வையில் நனைந்ததை மறுநாள் காலை கட்ட முடியாது. சலங்கை, தாளம் தட்டும் தட்டுக்கழி, நட்டுவாங்கத்துக்கான கைத்தாளம் ஒருமுறை வாங்கினால் போதும். பட்டு உடுப்பையும் நகை செட்டையும் முதலாம் ஆண்டிலேயே தைத்து வாங்கி அடுக்காதீர்கள். உடல் மாறும், இடுப்பளவு மாறும், வாடகைக்கும் எடுக்கலாம். பெரிய தொகை இறுதியாண்டு ஆற்றுகையில் வரும். பாட்டு, மிருதங்கம், வயலின் கலைஞர்களுக்கு யார் கொடுப்பது? நிறுவனமா, மாணவரா, நாலைந்து பேர் சேர்ந்து பகிர்வதா? ஒத்திகைக்கும் தனியாகக் கொடுக்க வேண்டுமா? இதை அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. இறுதியாண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்.

முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பயிற்சி மண்டபத்தைப் பாருங்கள். சீமெந்தின் மேல் நேரே பதித்த டைல்ஸில் தினமும் தட்டடவு (பாதத்தால் நிலத்தைத் தட்டும் அடிப்படை அசைவு) போட்டால் கணுக்காலும் முழங்காலும் முன்னங்கால் எலும்பும் நோகும், சில வேளை ஒரு பருவமே படுக்க வைத்துவிடும். மரத்தளம் உத்தமம். அது இல்லையென்றால் பயிற்சி எத்தனை மணிநேரம் தொடர்ந்து நடக்கிறது, இடையில் ஓய்வு உண்டா என்று பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதையும் எண்ணுங்கள். கூட்டம் கூடினால் பின்வரிசைப் பிள்ளையின் அரைமண்டியை (முழங்கால் மடித்துப் பாதி இருக்கும் நிலையை) யாரும் திருத்தமாட்டார்கள்.

அனுமதியில் கோட்டைவிடும் இடம் ஆடிக்காட்டும் செயன்முறைப் பரீட்சை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நடனம் போன்ற பாடங்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செயன்முறையில் தேறாவிட்டால் உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி எவ்வளவு உயரமாக இருந்தாலும் உதவாது. ஆணைக்குழுவின் கைநூல் வந்த நாளிலிருந்து மூன்று நிறுவனங்களின் இணையத்தளங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். எந்தப் பாடத்தில் என்ன தரச் சித்தி வேண்டும் என்பதையும் அந்த வருடக் கைநூலில்தான் பார்க்க வேண்டும். அக்கா போன வருடம் போனதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

செயன்முறைக்குப் புது உருப்படி (முழு நடனம்) படிக்கத் தேவையில்லை. அடவுகள் என்ற அடிப்படை அசைவுகள் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் அரைமண்டி எழும்பிவிடுவதுதான் எல்லோருக்கும் உள்ள நோய். அலாரிப்பு, ஜதிஸ்வரம் என்ற தொடக்க உருப்படிகள் இரண்டையும் தனியே, முன்னால் ஆள் ஆடாமல் ஆடிப் பழகுங்கள். வகுப்பில் எப்போதும் கூட்டமாக ஆடிய பிள்ளை தனியே விட்டதும் வரிசை மறந்து நிற்கும். கையால் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டு (தாளத்துக்கான அசைச் சொற்கள்) சொல்லத் தெரிய வேண்டும். அபிநய தர்ப்பணம் என்ற நடன நூலின் 28 ஒற்றைக்கை முத்திரைகளைச் சுலோகத்தோடு சொல்லத் தெரிந்தால் போதாது, இரண்டு மூன்றின் பயன்பாட்டையும் செய்துகாட்டத் தெரிய வேண்டும்.

அரங்கேற்றம் செய்தால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்டப வாடகை, பக்கவாத்தியம், அழைப்பிதழ், விருந்து என்று அதற்குப் போகும் பணத்தில் வெளியூரில் பல மாதம் தங்கிப் படிக்கலாம். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் வேறு. அவை நல்ல அடித்தளம், கலாவித்தகர் பட்டத்துக்கு மதிப்பும் உண்டு, ஆனால் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அவை ஈடாகாது.

ஆசிரியத் தொழில்தான் குறி என்றால் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலையும் பாருங்கள். மூன்று ஆண்டுப் பயிற்சி, அதில் கடைசி ஆண்டு பாடசாலையில். மாதக் கொடுப்பனவும் உண்டு. நடனத்துக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது அந்தந்த வருட அறிவித்தலில் இருக்கும்.

இனி இந்தியா. சென்னைக் கலாக்ஷேத்திரா 1936இல் ருக்மிணி தேவி தொடங்கியது. அதன் நான்கு ஆண்டு பரதநாட்டியப் படிப்பு டிப்ளோமாவாகத்தான் அறியப்பட்டது. ஆடுவதற்கு அந்தப் பயிற்சிக்கு நிகர் குறைவு. இலங்கையில் பட்டதாரி ஆசிரியர் நியமனம் கேட்கும்போது அந்தச் சான்றிதழ் எப்படிக் கணிக்கப்படும் என்பதைச் சேருமுன் விசாரியுங்கள். இந்தியாவில் பட்டமே படிப்பதென்றால் இந்திய கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்களுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இசைக்கும் நடனத்துக்கும் தனித் திட்டம் உண்டு. கடவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், ஆடும் காணொளி ஒன்றையும் நல்ல வெளிச்சத்தில், கால் முதல் தலைவரை தெரியும்படி பதிந்து வையுங்கள்.

கொழும்பிலேயே இந்தியப் பல்கலைக்கழகத்தின் பட்டம் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் இடங்களில் முற்பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது ஒன்று. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சரியான எழுத்துகளோடு எழுத்தில் வாங்குங்கள். அதை வாட் பிளேஸிலுள்ள மானியங்கள் ஆணைக்குழுவிடம் கொடுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தையும் தொலைக்கல்வி முறையில் படித்த பட்டத்தையும் ஏற்பார்களா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டது என்ற ஒரு பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.