பைத்தான் ரன்டைம் எரர் வந்தா என்ன பண்ணணும்

ப்ரோக்ராம் ஓடிட்டு இருக்கும்போதே படக்குனு நின்னு ஸ்க்ரீன் முழுக்க எழுத்தா கொட்டுதா, மேலேர்ந்து படிக்காதீங்க. அப்படிக் கொட்டறதுக்குப் பேர்தான் ட்ரேஸ்பேக், அதைக் கீழேர்ந்துதான் படிக்கணும், கடைசி வரில என்ன எரர்னு இருக்கும், அதுக்கு மேல எந்த ஃபைல், எத்தனாவது லைன்னு இருக்கும். பைத்தான் 3.11 வெர்ஷன்லேர்ந்து அந்த லைன்லயே எந்த இடம்னு அடியில ^ குறி போட்டுக் காட்டுது, பழைய வெர்ஷன் வச்சிருந்தா மாத்திடுங்க.

ஒரு சிஎஸ்வி ஃபைல்லேர்ந்து (கமா போட்டுப் பிரிச்ச அட்டவணை ஃபைல்) வெலையெல்லாம் எடுத்து கூட்டறீங்கன்னு வைங்க. 200 வரி வரைக்கும் நல்லா ஓடும், அடுத்த வரில யாரோ 12,500னு கமா போட்டு அடிச்சிருப்பாங்க, எழுத்தை முழு எண்ணா மாத்தற இன்ட் ஃபங்ஷன் அதைப் பார்த்ததும் வேல்யூ எரர், அதாவது குடுத்த மதிப்பு சரியில்லைன்னு. முன்ன பின்ன ஸ்பேஸ் இருந்தா இன்ட் கண்டுக்காது, கமாவும் புள்ளியும் அதுக்கு ஆகாது. (தமிழ் எண்ல ௧௨ குடுத்துப் பாருங்க, சமத்தா 12னு எடுத்துக்கும்! ௰ குடுத்தா மட்டும் எரர்.)

இதுக்கு நெறைய பேர் பண்றது, மொத்த கோடையும் ட்ரைக்குள்ள தள்ளி கீழ எரரைப் பிடிக்கற எக்ஸெப்ட்டை எந்த எரர்னு சொல்லாம வெறுமனே போட்டு, உள்ள பாஸ், அதாவது ஒண்ணும் பண்ணாதேன்னு. தயவுசெஞ்சு வேணாம். எரர் அங்கயேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது அவ்ளோதான், வேரியபிள் பேரைத் தப்பா அடிச்சா வர்ற நேம் எரரையும் சேத்து முழுங்கிடும், இதையே லூப்புக்குள்ள வச்சீங்கன்னா கன்ட்ரோல் சி அடிச்சாக்கூட நிக்க மாட்டேங்கும்.

ட்ரைக்குள்ள அந்த இன்ட் வரி ஒண்ணு மட்டும் இருக்கட்டும். எக்ஸெப்ட்ல வேல்யூ எரர்னு பேரைச் சொல்லிப் பிடிங்க, உள்ள வரி நம்பரையும் வந்த மதிப்பையும் பிரிண்ட் பண்ணுங்க, மதிப்பை மேற்கோள் குறியோட அப்படியே காட்டற ரெப்ர் ஃபங்ஷன்ல போட்டு பிரிண்ட் பண்ணா காலியா வந்திருக்கா, ஸ்பேஸ் இருக்கான்னு எல்லாம் தெரிஞ்சிடும். அப்புறம் அந்த வரியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போற கன்டினியூ போடலாமான்னா, பணக்கணக்குக்கு நான் போட மாட்டேன், ஒரு வரி விட்டுப்போன டோட்டலுக்கு ப்ரோக்ராம் நின்னு போறதே மேல். நடந்ததைப் பதிவு பண்ற லாகிங் மாட்யூல்ல எக்ஸெப்ஷன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, எக்ஸெப்ட்டுக்குள்ள அதைக் கூப்பிட்டா ட்ரேஸ்பேக்கும் சேந்து பதிவாகும், அடுத்த வரில வெறும் ரைஸ் போட்டீங்கன்னா அதே எரர் திரும்பக் கெளம்பி ப்ரோக்ராமை நிறுத்திடும்.

டிக்ஷனரில இல்லாத கீயைக் கேட்டா வர்ற கீ எரருக்கு பல சமயம் ட்ரையே வேணாம், டிக்ஷனரில கெட் போட்டு எடுத்தா போதும். ஃபைலை மூடறதுக்கும் ஃபைனலி (எரர் வந்தாலும் வராட்டாலும் ஓடற பகுதி) எல்லாம் எழுதிட்டு இருக்காம வித் போட்டு ஓப்பன் பண்ணுங்க, நடுவுல எரர் வந்தாலும் அதுவே மூடிக்கும்.