டேங்குக்கு எத்தனை மில்லி? அதற்கு முன்னால் ஒரு கணக்கு

பயிர் மருந்துக் கடையில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "முதுகில் மாட்டி அடிக்கிற டேங்குக்கு எத்தனை மில்லி ஊத்தணும்?" கடைக்காரரும் ஒரு அளவு சொல்லிவிடுவார். நம் வயலில் ஏக்கருக்கு எத்தனை டேங்க் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கே தெரியாதே. நானும் பல வருஷம் அப்படித்தான் அடித்தேன். ஒருமுறை கடலை விதைத்த கையோடு களைக்கொல்லி அடித்ததில் களை பட்டை பட்டையாக முளைத்து வந்தது. மருந்து போலி என்று சண்டைக்குக் கிளம்பி, கடைசியில் பார்த்தால் கோளாறு என் நாசிலிலும் (மருந்து பீய்ச்சும் முனை) நடையிலும் இருந்தது.

அளந்து பார்க்க அரை மணி நேரம் போதும். டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். வயலில் 40 மீட்டர் தூரத்துக்குக் கயிறு பிடித்து இரண்டு முளைக்குச்சி அடியுங்கள். வழக்கமாக மருந்தடிக்கிறவர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, வழக்கமான வேகத்தில் அடித்துக்கொண்டே அந்தத் தூரத்தை நடக்கட்டும் (நீங்கள் நடந்து அளந்துவிட்டு வேறு ஆளை அடிக்கச் சொன்னால் கணக்கு தப்பிவிடும்). எத்தனை நொடி ஆனது, தரையில் எவ்வளவு அகலம் நனைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே நாசிலை, அதே அழுத்தத்தில், அதே நொடிக்கு ஒரு வாளிக்குள் அடித்து, விழுந்த தண்ணீரை அளவுக் குவளையில் அளந்துவிடுங்கள்.

ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆக, ஒரு மீட்டர் அகலம் நனைந்தால் 40 மீட்டர் நடை சரியாக ஒரு சென்ட். 50 நொடியில் வாளியில் 1.2 லிட்டர் விழுந்தது என்றால், நூறு சென்ட் கொண்ட ஏக்கருக்கு 120 லிட்டர். அகலம் ஒன்றரை மீட்டர் என்றால் வந்ததை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள், ஏக்கருக்கு 80 லிட்டர்தான்.

சரி, 120 லிட்டர் என்றால் 16 லிட்டர் டேங்கில் ஏழரை டேங்க். லேபிளில் ஏக்கருக்கு 1 லிட்டர் மருந்து என்று போட்டிருந்தால் டேங்குக்கு 133 மில்லி வரும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்ற பொதுக் கணக்கை நம்பி 80 மில்லி ஊற்றினால் ஏக்கருக்குப் போவது 600 மில்லிதான், அப்புறம் களை சாகவில்லை என்று புலம்பி என்ன பயன்?

தண்ணீர் பத்தவில்லை என்று அழுத்தத்தை மட்டும் ஏற்றாதீர்கள். இரண்டு மடங்கு தண்ணீர் வர நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும், அதற்குள் துளி புகையாகிப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கொஞ்சம் கூட்டக் குறைக்க நடையை மாற்றலாம், அதிகம் வேண்டுமென்றால் நாசிலைத்தான் மாற்ற வேண்டும்.

நாசில் விஷயத்தில் நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, வாங்கும்போது கூட வந்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுவது. பூச்சி மருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் கூம்பு நாசில். அதன் பொடித் துளி இலை இடுக்கில் புகுந்து படியும். களைக்கொல்லிக்கு விசிறி நாசில் அல்லது அகலமாகத் தெளிக்கும் ஃப்ளட் ஜெட் நாசில், துளி பெரிதாக விழுவதால் காற்றில் அதிகம் பறக்காது. விசிறியைப் போட்டுக்கொண்டு கையை இடதும் வலதும் வீசினால் பட்டை விழும், என் கடலையில் நடந்தது அதுதான். தரைக்கு அரை மீட்டர் உயரத்தில் ஆட்டாமல் பிடித்து நடக்க வேண்டும். விதைத்த நிலத்தில் பின்னோக்கி நடந்தால் அடித்த இடத்தை மிதிக்க மாட்டீர்கள்.

விசிறி நாசிலில் 11002 என்று இருந்தால் 110 டிகிரி விரிவு, 02 அளவு, நிறம் மஞ்சள். 3 பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு சுமார் 0.8 லிட்டர் வரும். நீல நிற 03 என்றால் 1.2, சிவப்பு நிற 04 என்றால் 1.6. எண்ணே இல்லாத பித்தளை நாசிலுக்கு வாளிதான் கதி. பித்தளை சீக்கிரம் தேயும், புதிதில் வந்ததைவிட பத்தில் ஒரு பங்கு அதிகம் கொட்டினால் தூக்கிப் போடுங்கள். அடைத்தால் கம்பியால் குத்தாதீர்கள், வாயால் ஊதவே ஊதாதீர்கள், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

களைக்கொல்லிக்கு முடிந்தால் தனி டேங்க். 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த டேங்கை அலசிவிட்டோம் என்று நம்பிப் பருத்திக்கு அடித்தால், மிச்சம் மீதியே இலையைச் சுருக்கிவிடும்.