ஈழத்தலரிக் கொம்பு ஒருவழியாக வேர் பிடித்தது

அப்பாடா, பிடித்துவிட்டது! தோழி வீட்டில் வெட்டி வந்த ஈழத்தலரி, அதாவது பிராங்கிப்பானிக் கொம்பு, எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் அடி கறுத்து, அழுத்தினால் கொழகொழவென்று ஆகிக்கொண்டே இருந்தது.

முதலில் ஜாடித் தண்ணீரில் வைத்தேன். கொசுவுக்குப் பயந்து தண்ணீர் மாற்றியதுதான் மிச்சம். அடுத்து, வேரூக்கிப் பொடி தடவித் தொட்டிமண்ணில் நட்டேன். நுனியில் இலை துளிர்த்தது, அடி மறுபடி அழுகியது. பலர் கவனிக்காதது இதுதான்: தண்டுக்குள் இருக்கும் சேமிப்பை வைத்தே, வேர் இல்லாமலும் துளிர் வரும். அதை நம்பித் தண்ணீர் ஊற்றினால் போச்சு.

சரி என்று, துடைத்த கத்தியால் உள்ளே கறுப்பு தெரியாத இடம் வரை வெட்டினேன். வடியும் பால் சிலருக்கு அரிக்கும்; கையுறை நல்லது. இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் சாய்த்து வைத்தேன். வெட்டுவாய் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரமே கூடாது.

அப்புறம் ஓட்டையுள்ள தொட்டியில் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) பருமணலும் மட்டும். ஆடினால் இளவேர் அறுந்துவிடும் என்பதால் மூங்கில் குச்சியோடு கட்டினேன். சாரல் படாத மூலை, நட்டபோது ஒரு முறை தண்ணீர், அவ்வளவுதான். இலைகள் நன்றாக விரிந்த பிறகு லேசாக அசைத்தேன், கொம்பு அசையவில்லை. இப்போது மணல் காய்ந்த பிறகே தண்ணீர்.