ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மனச்சோர்வு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

"எப்படிப்பா இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று எப்போதும் ஒரே பதில்தான் வரும். அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிள்ளை பொய் சொல்வதில்லை, உள்ளே நடப்பதற்குப் பெயர் வைப்பதே ஆட்டிசம் உள்ள பலருக்குக் கஷ்டம். முகத்திலும் தெரியாது.

அதனால் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாமல், அவனை அவனோடேயே ஒப்பிடுங்கள். நன்றாக இருக்கும் நாட்களிலேயே தூக்கம், சாப்பாடு, குளியல், எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறான் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரயில் நேரங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிற பையனின் அட்டவணைப் புத்தகம் பத்து நாளாக அதே பக்கத்தில் திறந்தபடி கிடக்கிறது என்றால், அவன் அழாவிட்டாலும் அது பெரிய அறிகுறிதான். சில பேருக்கு ஆர்வம் போகாது, சாவு, விபத்து என்று அதன் நிறம் மாறும். எரிச்சல் கூடுவது, தன்னையே அடித்துக்கொள்வது, தானாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கும் ஆள் தேவைப்படுவது என்றெல்லாம்கூட வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

அங்கே "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு (இது ரொம்பப் பேருக்கு நடக்கிறது). நோட்டைக் காட்டி, "இது போன மாசம் வரைக்கும் இல்லை" என்று அழுத்திச் சொல்லுங்கள். பல்வலி, மலச்சிக்கல், தைராய்டு, சில வலிப்பு மாத்திரைகள் இவையும் ஆளை மாற்றிவிடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், நாள்கணக்கில் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அது பைபோலாராக (சோர்வும் அளவுக்கு மீறிய வேகமும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்தால் சிகிச்சையே வேறு.

சரி, பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் நடந்துகொண்டே கேளுங்கள், இல்லாவிட்டால் போனில் டைப் செய்யுங்கள். "சோகமா?" என்பதைவிட "இன்னைக்கு பத்துக்கு எத்தனை?", "உடம்பு கனமா இருக்கா?" என்றால் பதில் வரும். தற்கொலை எண்ணத்தை மட்டும் சுற்றி வளைக்காமல் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள், சூசகமான பேச்சு பிடிபடாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் கூர்மையான பொருட்களையும் எடுத்துப் பூட்டிவிட்டு அன்றைக்கே அவசர உதவிக்குப் போங்கள்.

மனநல நிபுணரோடு பேசிச் செய்யும் சிகிச்சையில் படம், அட்டவணை, எழுதிக் காட்டுவது என்று மாற்றிச் செய்கிற ஆளாகப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள், ஏனென்றால் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலரை ஒரு இடத்தில் உட்காரவே விடாது. முதல் சில வாரங்கள் அந்தப் படபடப்பையும் தற்கொலைப் பேச்சையும் உன்னிப்பாகக் கவனியுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றே மருத்துவருக்குப் போன் போடுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.