ஞாயிறு வைத்த சாம்பார் புதன்கிழமை என்ன ஆகிறது: தனியாகக் குடியிருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வேலை கிடைத்து முதன்முறையாகத் தனி வீடு எடுப்பவர்களின் வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. ஞாயிறு அன்று பெரிய உற்சாகம். காய் வாங்கி, துணி துவைத்து, சமைத்து அடுக்கிவிடுவார்கள். திங்களும் செவ்வாயும் நிம்மதி. புதன் இரவு ஃபிரிட்ஜைத் திறந்தால் புளித்த வாடை. வியாழனும் வெள்ளியும் பார்சல் பரோட்டா. சனிக்கிழமை சிங்க் நிறையப் பாத்திரம், காலியான தண்ணீர் கேன், "எனக்கெல்லாம் தனியா இருக்க வராது" என்ற சோர்வு.

அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் வழக்கங்கள் எல்லாமே இன்னொரு ஆள் இருப்பதை நம்பி உருவானவை. மீந்ததைச் சாப்பிட ஒருவர், சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க ஒருவர், வெளியே மாட்டிக்கொண்டால் கதவைத் திறக்க ஒருவர். அந்த ஆள் இல்லாத வீட்டில் அதே வழக்கத்தைத் தொடர்ந்தால் வாரத்தின் நடுவில் எல்லாம் குலைந்துவிடுகிறது. வாடகைத் தேதி, கரண்ட் பில், வெளியே போகும்போது ஃபேனை அணைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறே வாரம் முழுவதற்கும் சமைத்து அடுக்குவது

எத்தனை முறை சொன்னாலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பணம் போகிறது, வயிறு கெடுகிறது, சமையல் மேல் இருந்த ஆசையும் போய்விடுகிறது. மூன்று லிட்டர் சாம்பார், ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோறு, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, இரண்டு பொரியல். ஐந்து நாளைக்குக் கவலை இல்லை என்று நினைப்பு.

முதல் கோளாறு பாத்திரத்தின் ஆழம். ஆழமான பாத்திரத்தில் இருக்கும் சாம்பார் மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் நுண்ணுயிர்கள் பெருகத் தோதானது. பருப்புத் தண்ணீரும் காய்ச்சாறும் அவற்றுக்கு நல்ல தீனி. மூடி போட்டு அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி குளிர விடிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பாலும் சேர்ந்து சூடேறும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், அதுவும் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாத தட்டையான எவர்சில்வர் டப்பாக்களில். டப்பாக்களை ஒரு தாம்பாளத் தண்ணீரில் இருபது நிமிடம் நிறுத்தினால் சூடு இறங்கிவிடும்.

இரண்டாவது, தினமும் மொத்தப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துச் சூடு பண்ணி, ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைப்பது. புதன்கிழமைக்குள் அந்தச் சாம்பார் மூன்று முறை சூடாகி மூன்று முறை ஆறியிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த வெதுவெதுப்பான நேரத்தைக் கடக்கிறது. ருசியும் அப்படியே இறங்கும்: பருப்பு கெட்டிப்பட்டு அடி பிடிக்கும், தண்ணீர் ஊற்றுவார்கள், உப்பு குறையும், உப்பு போடுவார்கள். வியாழக்கிழமை அதைச் சாப்பிட யாருக்கும் மனம் வராது. வேண்டியதை மட்டும் எடுங்கள், தளதளவென்று கொதிக்க விடுங்கள், மிஞ்சினால் திரும்ப வைக்காதீர்கள்.

மூன்றாவது, எல்லாக் குழம்பும் ஒன்றுதான் என்ற நினைப்பு. வத்தக்குழம்பும் பூண்டுக்குழம்பும் புளிப்பும் நல்லெண்ணெயும் தாராளமாக இருப்பதால் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். பருப்புச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் இரண்டு நாள். தேங்காய் அரைத்த கூட்டு, அவியல், தேங்காய் தூவிய பொரியல், சட்னி எல்லாம் அன்றன்றைக்கு.

சோற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. மதியம் வடித்த சோறு அடுப்படியிலேயே கிடந்து, இரவில் புளி சாதமாகி, சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய சோறு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஆறிய சோறு முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றினால்தான் அது லாக்டிக் அமிலம் கூடிப் புளித்துப் பழைய சோறாகும். மறுநாள் காலையே மோரும் சின்ன வெங்காயமுமாகச் சாப்பிட்டுவிட வேண்டும். சட்டியில் காய்ந்து கிடப்பது வெறும் மிச்சச் சோறு. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி போதும். தினமும் வைத்தாலும் இருபது நிமிட வேலை.

அப்படியானால் ஞாயிறு என்ன செய்யலாம்? சமைத்து முடிக்காமல், பாதி வேலையை மட்டும் முடித்து வையுங்கள்.

துவரம் பருப்பு 200 கிராம், இரண்டரை மடங்கு தண்ணீர், மஞ்சள் தூள், குக்கரில் நான்கு விசில். மசித்து, உப்பில்லாமல் நான்கு சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால், ஒரு டப்பா இரண்டு வேளை சாம்பாருக்கு வரும். 50 கிராம் புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கரைத்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். கால் கிலோ சின்ன வெங்காயம், நான்கு தக்காளி, நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், எண்ணெய் பிரியும் வரை வதக்கிய தொக்கு ஒரு டப்பா. பருப்புப் பொடி ஒரு டப்பா. இந்த நான்கும் இருந்தால் புதன் இரவு எட்டரைக்கு வந்தாலும் ஒன்பதுக்குள் சூடான சாம்பார் சாதம் தட்டில் இருக்கும். உருளைக்கிழங்கு போட்டதை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பிறகு சொரசொரவென்று மணலாகிவிடும்.

பராமரிப்புக்காகக் காலையில் மின்தடை அறிவித்திருந்தால், வேலைக்குப் போகுமுன் ஃபிரிட்ஜ் கதவை இறுக மூடிவிட்டுப் போங்கள். திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் பாலையும் சமைத்ததையும் கொட்டிவிடுவதுதான் சரி.

மாவு முழுவதையும் ஒரே நாளில் புளிக்க வைப்பது

இரண்டு டம்ளர் இட்லி அரிசி, அரை டம்ளர் உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். தனி ஆளுக்கு வாரம் முழுக்க வரும். ஆனால் எல்லாம் ஒரே இரவில் பொங்கினால் நான்காம் நாள் பல் கூசும் புளிப்பு. அரைத்து உப்புப் போட்டுக் கரைத்ததும் பாதியைப் புளிக்க விடாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அதைப் புதன் இரவு வெளியே எடுத்தால் காலையில் பொங்கியிருக்கும். குளிர்ந்த மாவு என்பதால் வழக்கமான எட்டு மணி நேரம் போதாது, பத்து பன்னிரண்டு மணி ஆகும். மார்கழியில் இன்னும் கூட. பாதி உயரத்துக்கு மேல் பாத்திரத்தை நிரப்பாதீர்கள். ஈரக் கரண்டி உள்ளே போனாலும் மாவு சீக்கிரம் கெடும்.

ஐந்து லிட்டர் குக்கர்

இரண்டு லிட்டர் வாங்குங்கள்.

எல்லாக் காயையும் ஒரே மாதிரி நடத்துவது

வாங்குவது ஒரே நாளில் இருக்கலாம், தீர்க்கும் வரிசை மாறக் கூடாது. கீரை முதல் இரண்டு நாளுக்குள். பிறகு வெண்டைக்காய், அதன் பின் கத்தரியும் பீன்ஸும், கடைசியில் கேரட், பீட்ரூட், கோஸ். சேனையும் உருளையும் வெளியே காற்றாட. வெங்காயக் கூடையிலேயே உருளையைப் போட்டால் சீக்கிரம் முளைவிடும். ஒரு முழுத் தேங்காய் தனி ஆளுக்கு எப்போதும் அதிகம். உடைத்த அன்றே முழுவதையும் துருவி, இரண்டு மேசைக்கரண்டி அளவில் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். பாதி மூடி ஃபிரிட்ஜ் கதவில் வழவழத்துப் போவதைப் பார்க்க வேண்டியிருக்காது.

சிலிண்டர் தீர்ந்த பிறகு பதிவு செய்வது

ஒற்றை சிலிண்டர் இணைப்பில் இருப்பவர்கள் செய்வது. அது தீருவதும் கண்டிப்பாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்து இரண்டு நிமிடம் கவனியுங்கள். திரவமாக வாயு நிற்கும் பகுதி மெதுவாகக் காயும், மேலே வெறும் பகுதி சட்டென்று காயும். ஈரக்கோடு அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு இறங்கினால் பதிவு செய்துவிடுங்கள். நிரப்பிய வாயு 14.2 கிலோ; வெற்று எடை சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் எழுதியிருக்கும். கொண்டு வரும் நேரத்தில் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், கைபேசிக்கு வரும் டெலிவரி குறியீட்டையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று கையிருப்பில் இருந்தால் இந்தப் பதற்றமே இல்லை. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாயு வாடை அடித்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-ஐ அழையுங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

காலை ஆறரை. வாசலில் பால் பாக்கெட். கைலி அல்லது நைட்டியுடன் ஒரு காலை வெளியே வைத்துக் குனிகிறீர்கள். பால்கனிப் பக்கத்துக் காற்று அடித்துக் கதவு டக்கென்று சாத்திக்கொள்கிறது. சாவி உள்ளே, போன் உள்ளே, அடுப்பில் டிகாஷனுக்குத் தண்ணீர். பூட்டுக்காரர் வரும்வரை அடுப்பை அணைக்க வழியில்லை. குடியேறிய அன்றே மாற்றுச் சாவி இரண்டு வெட்டி, ஒன்றை நம்பகமான பக்கத்து வீட்டிலும் இன்னொன்றை ஆபீஸ் மேசையிலும் வையுங்கள். பூட்டின் நாக்கை உள்ளே நிறுத்தி வைக்கும் சிறு பொத்தான், இப்படித் தானாகப் பூட்டிக்கொள்ளும் 'நைட் லாட்ச்' பூட்டுகள் பலவற்றில் இருக்கும். பால் எடுக்கப் போகுமுன் அதைத் தள்ளப் பழகுங்கள். அடுப்பு எரியும்போது வாசலுக்குப் போகாதீர்கள்.

காய்ச்சலை யாருக்கும் சொல்லாமல் இருப்பது

அம்மா பதறுவார்கள் என்று மறைப்பார்கள். எனக்குப் பெரிய கவலை தருவது இந்த மறைப்புதான். காய்ச்சலில் படுத்திருக்கும் ஆளுக்கு மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே நினைவிருக்காது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, மாத்திரை போட்ட மணியை எழுதுங்கள். 650 மில்லிகிராம் பாராசிட்டமால் என்றால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம். மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு இருக்கலாம் என்பதால் டாக்டர் சொல்லாமல் ஐபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ போடக் கூடாது. இரண்டு நாளில் இறங்காவிட்டால் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் காத்திருக்காமல் 108.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இல்லாத இரவில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது.

உடம்பு சரியில்லாத நாளில் உள்தாழ்ப்பாளைப் போடாமல் சாவியால் மட்டும் பூட்டிப் படுங்கள், சாவியைத் துவாரத்திலேயே விடாமல் எடுத்துவிடுங்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்த சாவிக்குப் பயனில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு ஊரில் ஒருவருக்கு ஒரு மிஸ்டு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வரை வரவில்லை என்றால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும், பக்கத்து வீட்டு எண்ணோடு, இப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஏழு

வாரத்தில் வீடு அதிகம் வெறிச்சோடித் தெரியும் நேரம். இஸ்திரிக்குக் கொடுப்பது, காய் வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது என்று மனிதர்களோடு நாலு வார்த்தை பேச வைக்கும் வேலைகளைக் காலையில் முடித்துவிடாதீர்கள். இந்த நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.