நகரத்து நையாண்டிப் படங்களை எப்படிப் பார்ப்பது

தோல் நிறம், காசு, அரசியல் மூன்றையும் ஒரு பெருநகரத்துக்குள் வைத்து நையாண்டி செய்யும் படங்களைப் பார்க்க உட்காரும்போது, ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வேன்: இந்த இடம் யாருக்குச் சொந்தம்? யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கட்டடம் யார் பேரில் இருக்கிறது, கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார், வாடகை கொடுப்பவர் யார் என்று முதலில் பாருங்கள்.

தொடங்குவதற்கு அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' (1989) படத்தைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். நியூயார்க், புரூக்ளினில் கறுப்பின மக்கள் வாழும் பெட்-ஸ்டை பகுதி, ஒரே தெரு, கொளுத்தும் வெயிலில் ஒரு நாள். இத்தாலிய வம்சாவளி சால் அங்கே பீட்சா கடை நடத்துகிறார். சுவர் முழுக்க இத்தாலிய அமெரிக்கப் பிரபலங்களின் படங்கள். சாப்பிட வந்த ஒரு கறுப்பின இளைஞன், "இங்கே காசு கொடுத்துச் சாப்பிடுவது நாங்கள், சுவரில் எங்கள் ஆள் ஒருவர்கூட ஏன் இல்லை?" என்று கேட்கிறான். சொந்தக் கடை வைத்து உன் விருப்பம்போல மாட்டிக்கொள் என்கிறார் சால். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவசரப்பட்டு யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

அடுத்து வரும் ஷூ சண்டையை ஒரு முறை நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பாருங்கள். அதே இளைஞனின் புது வெள்ளை ஷூவைச் சைக்கிளால் அழுக்காக்கிவிட்டுப் போகிறார் ஒரு வெள்ளைக்காரர். கேட்கப் போனால், எதிரே இருக்கும் வீடே அவருடையது என்று தெரிகிறது. "எங்கள் தெருவில் வீடு வாங்கச் சொன்னது யார்? உன் ஊருக்கே போ" என்று சத்தம் போடுகிறார்கள். அவரோ, நான் பிறந்ததே புரூக்ளினில்தான் என்கிறார். சில நிமிடக் காட்சிதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கவனித்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

சிரித்த இடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். சிவப்புச் சுவரோரம் மூன்று பேர் நாற்காலி போட்டு நாள் முழுக்கப் பேசுவார்கள். எதிரே கொரியா நாட்டுக்காரர் ஒருவர் வந்த வேகத்தில் கடை போட்டுவிட்டாரே, நம்மால் ஏன் முடியவில்லை என்று அவர்களில் ஒருவர் புலம்புவார். அங்கே சிரித்தீர்கள் என்றால், யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். தெருப் பேச்சில் பாதி நையாண்டி இருக்கிறது, காதில் விழாமல் போனால் நஷ்டம்.

அப்புறம் இரண்டு படங்கள். ஹால் ஆஷ்பியின் 'தி லேண்ட்லார்ட்' (1970): பணக்கார வெள்ளை இளைஞன் ஒருவன் புரூக்ளினில் கறுப்பினத்தவர் குடியிருக்கும் கட்டடத்தை வாங்கி, அவர்களைக் காலி செய்துவிட்டுத் தான் குடியேற நினைக்கிறான். ராபர்ட் டௌனி சீனியரின் 'பட்னி ஸ்வோப்' (1969): ஒரு விளம்பர நிறுவனத்தின் தலைவர் கூட்டத்திலேயே செத்துப்போக, புதுத் தலைவருக்கு ஓட்டு எடுக்கிறார்கள். தனக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. வேறு யாரும் போடமாட்டார்கள் என்று நம்பி ஒவ்வொருவரும் அங்கிருக்கும் ஒரே கறுப்பினத்தவருக்குப் போட, அவரே ஜெயித்துவிடுகிறார். தேர்தல் கணக்கை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

இவற்றை முடித்துவிட்டு 'டூ தி ரைட் திங்' படத்துக்கே திரும்புங்கள். இந்த இரண்டாவது தடவைதான் முக்கியம். படத்தின் முடிவில் ரேடியோ ரஹீம் என்ற இளைஞனைப் போலீஸ் கழுத்தை நெரித்துக் கொல்கிறது. அதன் பிறகுதான் சாலின் கடை நொறுக்கப்பட்டு எரிகிறது. முதல் தடவை பார்த்து முடித்தபோது, "பாவம், சால் கடை போச்சே" என்றுதான் நினைத்தேன். ரஹீம் செத்தது நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் ஆனது. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் முதலில் எதற்காக வருந்தினீர்கள் என்று கூடப் பார்த்தவர்களிடம் சொல்லுங்கள், அவர்களையும் கேளுங்கள். பேச அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கடைசி எழுத்துகள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். ஆறு பேரின் குடும்பங்களுக்குப் படம் சமர்ப்பணம் என்று வரும். முதல் பெயர் எலினார் பம்பர்ஸ். 66 வயது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தவர். வாடகை பாக்கிக்காக 1984இல் வீட்டைக் காலி செய்ய வைக்க வந்தபோது போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது.

அவருடைய மாத வாடகை 100 டாலர்கூட இல்லை.